மூன்று வீட்டுக்கும் பதினொன்று

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்கு நர்மதாவின் லேப்டாப் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

சுற்றட்டும் என்று விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் ரசத்துக்குப் புளி கரைத்தாள். கடுகு தாளித்து இறக்கிவிட்டு வந்து பார்த்தபோதும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னைக்குமா?" என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

போன வாரம் வந்த மெயிலை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து இன்ஷூரன்ஸுக்கான குறியீட்டு எண்களாக மாற்றிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. கம்பெனி சென்னையில். கல்யாணமாகி வந்த எட்டு மாதமாகப் பெரம்பலூர் துறைமங்கலத்துப் புகுந்த வீட்டில் இருந்தபடியே பார்க்கிறாள். இணைப்பு அடிக்கடி அறுகிறது என்று கம்பெனி இரண்டு முறை எச்சரித்துவிட்டது. மூன்றாவதாக வந்தது நாள் குறித்த ஓலை. வியாழக்கிழமை மூன்றிலிருந்து நான்கு வரை இணைப்பைக் கண்காணிப்பார்கள். மூன்று தடவைக்கு மேல் அறுந்தால், திங்கட்கிழமை காலை சென்னை ஆபீசில் போய் உட்கார வேண்டும்.

சென்னை என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால், கணவன் பரணிதரனை மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது.

அந்தப் பரணிதரனோ அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின்சாரப் பிரிவு சூப்பர்வைசர். மெயிலைக் காட்டியபோது முழுவதும் படித்தான். "பாப்போம்" என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாப்போமாம். என்னத்தைப் பார்ப்பது?

வயர் இழுத்துச் சொருகலாம் என்றால் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே கிடையாது. போனிலிருந்து நெட் எடுத்தால் கம்பெனி ஏற்காது. சாமி படத்துக்குப் பக்கத்தில், ஹால் அலமாரியின் உச்சியில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியைத் தவிர அவளுக்கு வேறு கதி இல்லை.

கூட வேலை பார்க்கும் மஞ்சு நேற்று ஒரு யோசனை சொல்லியிருந்தாள். போனில் ஒரு ஆப் ஏற்றிக்கொண்டால், சுற்றுவட்டாரத்து வைஃபை எல்லாம் எந்தெந்த எண்ணில் ஓடுகிறது என்று மலை மலையாகக் காட்டுமாம்.

ஏற்றினாள். திறந்தாள்.

ஒன்றிலிருந்து பதிமூன்று வரை எண்கள் வரிசையாக இருந்தன. ஒன்று முதல் பத்து வரை வெறும் பொட்டல். பதினொன்றில் மட்டும் மூன்று மலைகள், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நின்றன. இராமலிங்கம் ஹோம். நல்லுசாமி ஹோம். ராஜராஜன் ஹோம்.

மாமனார் நல்லுசாமியும், அவருடைய அண்ணனும், தம்பியும்.

ஒரு காலத்தில் ஒரே வீடு இது. நான்கு வருடத்துக்கு முன்பு குறுக்கே இரண்டு சுவர் எழுப்பி மூன்றாக்கினார்கள். பெரியவர் இராமலிங்கத்துக்குக் கிழக்குப் பாகம், நல்லுசாமிக்கு நடுப்பாகம், சின்னவர் ராஜராஜனுக்கு மேற்கு. மாடிப்படி யாருக்கு என்பதில் நின்ற பேச்சு இன்னும் நின்றபடியே நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் நான்கு வருடமாக அண்ணன் தம்பிகள் முகம் பார்த்துப் பேசியதில்லை.

நர்மதா கேபிள்காரர் அறிவரசனுக்குப் போன் போட்டாள்.

* * *

அறிவரசன் பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்கு நெட் கொடுத்திருப்பவர். போனில் அந்த மூன்று மலையைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"இது வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா வச்சீங்க?"

"நான் எங்கங்க வச்சேன்? பெரியவர் வூட்டுக்கு மொதல்ல போட்டேன். அது பதினொண்ணுல ஒக்காந்துச்சு. அடுத்த வாரம் உங்க மாமா கூப்பிட்டாரு. அண்ணனுக்கு எத்தன வச்சன்னு கேட்டாரு. பதினொண்ணுன்னேன். எனக்கும் அதே வை, ஒண்ணு கொறைஞ்சாலும் பெட்டியத் திருப்பி எடுத்துக்கன்னாரு. அப்பறம் சின்னவரு. அவரு பேசவே இல்ல, மத்த ரெண்டு வூட்டு பில்லையும் காட்டுன்னாரு."

நர்மதா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பாகம் பிரிக்கும்போது தேங்காயை எண்ணிப் பிரித்தார்கள், பித்தளை அண்டாவை நிறுத்துப் பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். வைஃபை எண்ணையுமா?

"எங்களுத மட்டும் ஒண்ணுக்கு மாத்துங்க."

"என்னத்த ஒண்ணுக்கு மாத்தறது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வயலுக்குப் போய்விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டு நல்லுசாமி நின்றிருந்தார். மாமியார் மகளின் பிரசவத்துக்காக ஜெயங்கொண்டம் போயிருந்ததால், வீட்டில் இப்போது பகலெல்லாம் மாமனாரும் மருமகளும்தான்.

"சேனலை மாமா. வைஃபை ஓடுற எண்ண."

"பதினொண்ணு இருக்கறப்ப ஒண்ணுக்கு எறங்குவாங்களாம்மா யாராவது?"

"மாமா, அது வேகம் இல்ல. அளவும் இல்ல. அது ரோடு நம்பர் மாதிரி."

நல்லுசாமி நம்பிக்கையில்லாமல் அறிவரசனைப் பார்த்தார். அறிவரசன் அலமாரியைப் பார்த்தார்.

நர்மதா மூச்சை இழுத்துவிட்டாள். எந்த மொழியில் சொன்னால் இவருக்கு ஏறும்?

"எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போறீங்கல்ல மாமா. மூணு டிராக்டர் ஒரே ரோட்டுல ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னா என்ன ஆவும்?"

"காயும். எடை போயிடும்."

"பக்கத்துலயே காலியா இன்னொரு ரோடு இருந்தா?"

"அதுல திருப்பிக்கிட்டுப் போவேன்." சொன்னவர் நிறுத்தினார். அலமாரிப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இத்தன நாளும் நாம நின்னுக்கிட்டா இருந்தோம்?"

"ஆமா மாமா."

"செரி, மாத்து. வெளிய சொல்லாத."

அறிவரசன் மாற்றினார். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. பக்கம் பளிச்சென்று திறந்தது. நர்மதா அரை மணி நேரத்தில் ஆறு ஃபைல் முடித்தாள். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. மனசுக்குள் பாட்டு ஒன்று ஓடியது.

பன்னிரண்டே காலுக்கு வட்டம் மறுபடி சுற்றியது.

ஆப்பைத் திறந்தாள். பதினொன்றில் இப்போது யாருமே இல்லை. மூன்று மலைகளும் ஒன்றாம் எண்ணுக்குக் குடிபெயர்ந்து, முன்னைவிட நெருக்கமாக ஏறி நின்றன.

* * *

"அறிவரசன் அண்ணே, என்ன வேலைங்க இது?"

போனில் அறிவரசனின் குரல் பரிதாபமாக வந்தது. "நான் என்னங்க பண்ணட்டும்? உங்க வூட்டுல இருந்து வெளிய வரேன், பெரியவர் வூட்டம்மா கேட்டுல நிக்கிறாங்க. அங்க என்ன வேல பாத்தன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல. உடனே எங்களுக்கும் ஒண்ணு வையின்னுட்டாங்க. நாங்கதான மூத்தவங்க, ஒண்ணு எங்களுக்குத்தான சேரணும்னு வேற. வச்சுட்டு வெளிய வந்தா சின்னவரு கடையில இருந்து போனு."

"முடியாதுன்னு சொல்லக் கூடாதா?"

"மூணு கனெக்‌ஷன்ங்க. முடியாதுன்னா போயிடும். நீங்க சொல்லிப் பாருங்க."

நர்மதா போனை வைத்தாள். மணி பன்னிரண்டரை. இவள் ஆறுக்குப் போனால் ஆறுக்கு வருவார்கள். பதிமூன்றுக்குப் போனால் பதிமூன்றுக்கு வருவார்கள். ஊரைவிட்டு ஓடினால் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

இந்த வீட்டில் இருப்பதற்காகவா நான் இவ்வளவு போராடுகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. சென்னை ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, யாரோடும் பங்கு இல்லாத ஒரு இணைப்பு. பரணிதரன் காலையிலிருந்து ஒரு போன்கூடச் செய்யவில்லை. இன்றைக்கு மூன்று மணிக்கு என்ன என்பது அவனுக்கு ஞாபகமாவது இருக்கிறதா?

அழுகை வரும்போல இருந்தது. வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கிழக்குப் பாகத்தின் கேட்டைத் திறந்தபோது, பெரியவரின் மனைவி ரத்தினம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கீரைக்குத் திரும்பினாள்.

"பெரியத்தை, பெரிய மாமாவப் பாக்கணும்."

"எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

"நீங்க கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

"நீ வந்திருந்தா கூப்பிட்டிருப்பேன்."

நர்மதா நேராக உள்ளே போனாள். இராமலிங்கம் ஈசி சேரில் சாய்ந்து போனில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைவிட, அதில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே சரி.

"சுத்துதா பெரிய மாமா?"

"காலையில நல்லாப் போச்சு. இப்ப சுத்துது."

"மூணு வூடும் ஒண்ணுலயே நிக்குது. அதான். ஆளுக்கு ஒரு எண் எடுத்துக்கிட்டா மூணு வூட்டுக்கும் சுத்தாது. ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. இது மூணுதான் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது."

"அப்ப எனக்கு ஒண்ணு. அவனுங்கள மாத்திக்கச் சொல்லு."

"அவங்க மாட்டாங்க."

"அப்ப சுத்தட்டும்."

நர்மதாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"பெரிய மாமா, பாகம் பிரிச்சப்ப எப்படிப் பிரிச்சீங்க?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார். "முறைப்படிதான். மூத்தவன் கூறு போடுவான். எளையவன் மொதல்ல எடுப்பான். மிச்சம் மூத்தவனுக்கு. எங்கப்பா காலத்துலயும் அப்படித்தான்."

"அப்ப இதையும் அப்படிப் பிரிச்சுக் குடுங்க. பிரிக்காம விட்ட சொத்து இது ஒண்ணுதான். கூறு போட வேண்டியவர் நீங்கதான், அதான் உங்ககிட்ட வந்தேன். மூணு மணிக்குள்ள இது சரியாவலன்னா எனக்கு இந்த ஊர்ல வேல இல்ல. திங்கக்கெழம சென்னைக்குப் போவணும். அவர இங்க விட்டுட்டுத் தனியா."

வாசலில் கீரை ஆயும் சத்தம் நின்றிருந்தது.

"இந்தா," என்று அங்கிருந்து ரத்தினம்மாளின் குரல் வந்தது, வழக்கமான எரிச்சலோடு. "கல்யாணமாயி ஒரு வருஷம்கூட ஆவல. அந்தப் புள்ளய ஊர விட்டு அனுப்பிட்டு, நீங்க ஒண்ணாம் நம்பர்ல பட்டிமன்றம் பாக்கப் போறீங்களா? எந்திரிங்க."

* * *

யார் வீட்டில் கூடுவது என்பதற்கு அரை மணி நேரம் போனது. ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் வர மாட்டார். கடைசியில் மூன்று கேட்டுக்கும் பொதுவான தெருவில், இரண்டு மணி வெயிலில், அறிவரசனின் பைக்கைச் சுற்றிக் கூடினார்கள்.

டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ராஜராஜன், சாப்பிட வந்த வழியில் நின்றார். "ஒண்ணு, ஆறு, பதினொண்ணுதானா? நடுவுல ரெண்டு, மூணு எல்லாம் யாருக்கு?" என்று அறிவரசனை விசாரித்தார்.

"அது பக்கத்து எண்ணோட தோள் இடிக்கும்ங்க. ஒரே ரோட்டுல நிக்கறதவிட மோசம்."

"நெசமாவா, இல்ல இவங்க சொல்லச் சொன்னாங்களா?"

"யாரும் யாரையும் சொல்லச் சொல்லலடா," என்றார் இராமலிங்கம், ராஜராஜனைப் பார்க்காமல், தெருக்கோடியைப் பார்த்து. நான்கு வருடத்தில் தம்பிக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். தினசரிக் காலண்டரின் பழைய தாள் ஒன்றை மூன்றாகக் கிழித்து, பைக் சீட்டின் மேல் வைத்து எண்களை எழுதத் தொடங்கினார்.

ஒன்று. ஆறு. பதினொன்று. ஒவ்வொன்றையும் நான்காக மடித்தார். போடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று பார்த்தபோது அறிவரசன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மல்லாத்தி நீட்டினார்.

நர்மதா மணி பார்த்தாள். இரண்டு பத்து.

"எளையவன் எடுக்கட்டும்," என்றார் இராமலிங்கம்.

ராஜராஜன் கையை விட்டுத் துழாவினார். வெள்ளரிப் பிஞ்சு பொறுக்குவதுபோல மூன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருவழியாக ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"ஆறு."

"எடு," என்று இராமலிங்கம் ஹெல்மெட்டைப் பார்த்துச் சொன்னார். சொன்னது நல்லுசாமிக்கு.

நல்லுசாமி யோசிக்காமல் மேலே கிடந்ததை எடுத்தார். பிரித்தார். ஒன்று.

இராமலிங்கத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. தம்பிகள் எதிரில் அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் மீசையைத் தடவினார். மிச்சமிருந்த சீட்டை எடுக்க அவர் கை நீளவில்லை. இதோ திரும்பிப் போகப் போகிறார் என்று நர்மதா நினைத்தாள். போய்ப் பெட்டியை ஒன்றிலேயே விடச் சொல்லப் போகிறார்.

நல்லுசாமி தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு சீட்டை நீட்டினார்.

"இத நீ வச்சுக்கண்ணே. ஒண்ணு உனக்குத்தான். எனக்கு அந்தப் பதினொண்ணு போதும்."

"சீட்டுல வந்தத மாத்தறது முறை இல்ல."

"முறையெல்லாம் இருக்கட்டும். இந்தப் புள்ள வூட்ட விட்டுப் போவக் கூடாதுண்ணே. அவ்வளவுதான்."

இராமலிங்கம் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது விரலோடு விரல் பட்டது. இரண்டு பேருமே சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்கள், சுட்டுவிட்டதுபோல.

காலையில் எந்த எண்ணில் இருந்ததோ அதே எண்ணுக்கு, இத்தனை பஞ்சாயத்துக்குப் பிறகு, நடு வீட்டுப் பெட்டி திரும்பி வந்தது. அறிவரசன் மூன்று வீட்டிலும் ஏறி இறங்கி முடித்தபோது மணி இரண்டு நாற்பது. ஆப்பில் மூன்று மலைகள் தனித்தனியே, ஒன்றை ஒன்று தொடாமல் நின்றன.

"இனிமே யார் கேட்டாலும் மாத்தாதீங்க," என்றாள் நர்மதா.

"பாஸ்வேர்டையே மறந்துட்டேன்னு சொல்லிடறேங்க."

* * *

மூன்று மணிக்குத் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. கண்காணிக்கிறார்களாம்.

நர்மதா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்திருந்தாள். வெளியே ஹாலில் நல்லுசாமி டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தன் போனையும் அணைத்துவிட்டு, அலமாரிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி எங்கேயும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுபோல.

மூன்று இருபத்திரண்டுக்கு வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. நர்மதா ஒரு விரலை மடக்கினாள். ஒன்று. ஆனால் அடுத்த நொடியே பக்கம் திறந்துகொண்டது. அதன்பிறகு திரும்பவில்லை.

நான்கு மணிக்குச் சிவப்புப் புள்ளி அணைந்தது. நான்கு ஐந்துக்கு மெயில் வந்தது. இணைப்பு திருப்தி. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். கடைசி வரியில், இந்த அனுமதி இந்த முகவரிக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு, என்று இருந்தது. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள், சந்தோஷமாக.

கவிழ்த்து வைத்த போனைத் திருப்பினாள். பரணிதரனிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள்.

ஆக, ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த கோபத்தில் பாதி அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. ஹெட்செட் வயரைச் சுற்றிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாஸாயிட்டேன்ங்க."

"நெசமாவா?" அவன் குரலுக்குப் பின்னால் ஆலையின் இரைச்சல். "நர்மதா, நானும் ஒண்ணு சொல்லணும். டெஸ்ட்டுக்கு முன்னால சொன்னா உன் மனசு கலையும்னுதான் இத்தன நாளும் வாயத் தொறக்கல. ஆலைக் குவார்ட்டர்ஸ் அலாட் ஆயிடுச்சு."

"எது?"

"இங்க அரியலூர்ல. ரெண்டு ரூம், தனி வூடு. வந்த மொத மாசம் ஒருநாள் அழுதியே, இந்தச் சுவத்துக்கு நடுவுல என்னால இருக்க முடியாது, எங்கயாவது தனியாக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு. மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன். கெடைக்காதுன்னுதான் உன்கிட்ட சொல்லல. நம்ம பேரு இந்த வாரம்தான் லிஸ்ட்ல வந்துச்சு. நீ சென்னைக்குப் போவாம இருக்கறதுக்கு இதாவது ஆவட்டுமேன்னு நாலு நாளா ஆபீசு ஆபீசா அலைஞ்சேன்."

நர்மதா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த மனுஷனின் 'பாப்போம்' என்ற வார்த்தைக்குள் இவ்வளவா இருந்தது?

"அங்க நெட் இருக்கா?"

"ஆலையோட சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பின்னால நர்மதா. கேபிள் இன்னும் வரல. மொட்டை மாடியில ஒரு மூலையில போனுக்கு ரெண்டு கோடு வருதுன்னாங்க."

"எனக்கு இந்த அட்ரஸுக்கு மட்டும்தாங்க பர்மிஷன். ஒரு வருஷத்துக்கு."

"ஓ."

"ஆமா. ஓ."

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள கையெழுத்துப் போடணும். விட்டா அடுத்த ஆளுக்குப் போயிடும், அப்பறம் எப்ப வரும்னு சொல்ல முடியாது." அவன் குரல் தணிந்தது. "நீதான சொல்லணும். தனி வூட்டுக்குப் போவலாமா, வேணாமா?"

நர்மதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கதவு திறந்திருப்பதைக் கண்டாள்.

நல்லுசாமி நின்றிருந்தார். கையில் டம்ளர். பாலும் தூளும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அவராகவே போட்ட டீ. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. டம்ளரின் மேல் ஏடு கட்டத் தொடங்கியிருந்தது.

"மாமா..."

அவர் உள்ளே வந்து, டீயை லேப்டாப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். மேஜையில் சிந்திய ஒரு துளியைத் துண்டு முனையால் துடைத்தார்.

"ஆறிடும். குடிம்மா," என்றார். வாசல்வரை போனவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நான் அண்ணன் வூடு வரைக்கும் போயிட்டு வரேன்."

நடு வீட்டுக் கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது.

"யாரு நர்மதா? அப்பாவா?" என்று போன் கேட்டது. "அப்பா கேட்டுட்டாரா?"